அளவெடுக்காமல் விற்கும் சக்கர நாற்காலி: சுங்கை சிப்புட் தோட்ட மக்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வேனில் சக்கர நாற்காலி கொண்டுவந்து வீடு வீடாக விற்கிறார்கள். தமிழில்தான் பேசுவார்கள். "அம்மா, ஐயா" என்ற மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. இனிப்பு நீரால் (நீரிழிவால்) காலை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், பக்கவாதத்தில் விழுந்தவர் என்று வீடு பார்த்துத்தான் வருகிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது தோட்டத்துக் கடையில் ஒரு டீ குடித்தாலே தெரிந்துவிடும். அதற்குப் பெரிய துப்பறிவு தேவையில்லை.

விற்பது ஒரு 'பேக்கேஜ்'. 'தெரபி நாற்காலி' ஒன்று, நடுவில் ஓட்டை உள்ள வட்டக் காற்று மெத்தை ஒன்று, வாசற்படியில் போட ஓர் இரும்புத் தகடு, கூடவே "ஓகேயு (மாற்றுத் திறனாளி) கார்டும் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்ற வாக்கு. எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி. இன்று 500 கட்டினால் போதும், மீதியை மாதாமாதம் கொடுக்கலாம், பில்லைக் காட்டினால் ஜேகேஎம் (சமூகநலத் துறை) முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிடும் என்பார்கள். அந்தத் தெரபி நாற்காலி, மருந்துக் கடையில் 300 வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும் சாதாரண குரோம் நாற்காலிதான். ஸ்டிக்கர் மட்டும் புதிது.

விலையில் ஏமாந்தது பாதிதான். மீதி, உட்கார்ந்த பிறகு தெரியும். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு இந்தப் பேக்கேஜ் வந்த வீட்டை எடுத்துக்கொள்வோம். அவருடைய இடுப்பு அகலம் 36 செ.மீ. வந்த நாற்காலியின் இருக்கை 18 அங்குலம், அதாவது 46 செ.மீ. பத்து செ.மீ. வெற்றிடம். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், ஒரு பிட்டத்தில் மட்டும் பாரம் இறங்கும், சக்கரத்தைப் பிடிக்கக் கை எட்டாது. இருக்கையோ வெறும் ரெக்சின் துணி. கொஞ்ச நாளில் ஊஞ்சல் மாதிரி தொய்ந்து, தொடைகள் உள்பக்கம் உருண்டு, வால் எலும்பில் பாரம் ஏறும். அங்கே தோல் சிவந்து, அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அந்த வட்டக் காற்று மெத்தை இதை இன்னும் கெடுக்கிறது. ஓட்டையைச் சுற்றியுள்ள வளையம் தோலை அழுத்தி, நடுப்பகுதிக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். படுக்கைப் புண்ணைத் தடுக்க இதைப் பயன்படுத்தவே கூடாது. 'இலவசம்' என்று கொடுத்தாலும் வாங்கி மூலையில் போடுங்கள். வேண்டியது குறைந்தது 5 செ.மீ. கனமுள்ள நல்ல ஃபோம் மெத்தை. ஆளை அதன்மேல் உட்காரவைத்து, மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அந்த மெத்தை வேலைக்கு ஆகாது.

முட்டிக்குக் கீழே கால் எடுத்தவருக்கு இன்னொன்று தேவை, விற்பவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மீந்த காலை நீட்டி வைக்க இருக்கையோடு ஒட்டிய பலகை வேண்டும். அது இல்லாமல் கால் நாளெல்லாம் மடங்கித் தொங்கினால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. இரண்டு கால்களும் இல்லாதவர் என்றால் ஆபத்து வேறு. முன்பக்கப் பாரம் குறைந்துவிடுவதால் சாதாரண நாற்காலி ஒரு சின்ன மேட்டிலேயே பின்பக்கம் கவிழும். பின்சக்கர அச்சைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும் வசதியும், கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்களும் இருக்க வேண்டும். நல்ல காலையும் மறக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதம் மிதிதட்டின் விளிம்பில் உரசுவது அவருக்கே தெரியாது. இனிப்பு நீர் உள்ளவருக்கு இரண்டாவது கால் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கும். மிதிதட்டுக்குப் பின்னால் குதிகால் நழுவாமல் ஒரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவெடுப்பது பெரிய வித்தை இல்லை. கெட்டியான பலகையில் ஆளை நிமிர்ந்து உட்காரவைத்து, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நிறுத்தி, இரண்டுக்கும் இடையே அளந்தால் இடுப்பு அகலம். அதோடு இரண்டரை செ.மீ. கூட்டினால் இருக்கை அகலம், ஐந்துக்கு மேல் கூட்டாதீர்கள். பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முட்டியின் உள்மடிப்பு வரை அளந்து, அதில் 5 செ.மீ. கழித்தால் இருக்கையின் நீளம். கழிக்காமல் விட்டால் விளிம்பு முட்டிக்குப் பின்னால் அழுத்தும். முட்டி மடிப்பிலிருந்து செருப்போடு குதிகால் வரையுள்ள அளவுக்கு மிதிதட்டை ஏற்றி இறக்க வேண்டும், ஆனால் தட்டின் அடிப்பக்கம் தரையிலிருந்து 5 செ.மீ.க்குக் கீழே வரக்கூடாது. செம்மண் பாதையில் முதல் கல்லிலேயே இடித்து ஆளை முன்னால் தள்ளிவிடும். சில நிமிட வேலை இது. டேப்பே எடுக்காமல் ஒருவர் "எல்லாருக்கும் பொருந்தும் சைஸ்" என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி கொடுக்கும் முறை பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் எட்டுப் படிகள் உண்டு. ஆளைப் பரிசோதிப்பது, உட்காரவைத்துப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகும் வந்து பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். வேன்காரர் செய்வது பணம் வாங்குவதும் இறக்கி வைப்பதும்.

ஆளை அளந்த கையோடு வீட்டையும் அளந்துவிடுங்கள். 18 அங்குல நாற்காலியின் வெளி அகலம் 65 செ.மீ.யைத் தொடும், சிலது தாண்டும். பழைய லயத்து வீட்டுக் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகலாக இருப்பது சகஜம். நாற்காலி வாங்கியும் குளியலறைக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் வீடுகளுக்கு இதுதான் காரணம்.

வாசல் தகடும் இதே கதைதான். சரிவுக்கு எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரம் காட்டும் கணக்கு 1க்கு 12. படி 15 செ.மீ. உயரம் என்றால் சரிவு 180 செ.மீ. நீளம் வேண்டும். இரண்டு படி சேர்ந்து 30 செ.மீ. என்றால் 3.6 மீட்டர். இவர்கள் தரும் தகடு 60 செ.மீ. தான். 15 செ.மீ. படியில் போட்டால் 1க்கு 4 சரிவு. ஏற ஆள் பலம் போதாது, இறங்கினால் கட்டுப்பாடு இருக்காது, மழை நாளில் தகடே நழுவும். கொத்தனாரை வைத்து சிமெண்டில் போடுவது மலிவு, உறுதி. வாசலில் அவ்வளவு நீளம் இல்லையென்றால் நடுவில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டுத் திருப்பிப் போடலாம். மேற்பரப்பைப் பளபளவென்று தேய்க்காமல் துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள்.

மோட்டார் நாற்காலி விற்பவர்கள் சிமெண்டுத் தரையில் ஓட்டிக் காட்டுவார்கள். நெம்புகோலைத் தட்டி மோட்டாரை விடுவித்தால் கையால் தள்ளலாம் என்பதைப் பெரிய வசதியாகக் காட்டுவார்கள். அப்படி விடுவித்த நிலையில் பிரேக்கும் வேலை செய்யாது என்பதைச் சொல்ல மாட்டார்கள். சரிவில் நிறுத்தி அந்த நெம்புகோலைத் தொட்டால் நாற்காலி ஆளோடு ஓடிவிடும். "20 கிலோமீட்டர் ஓடும்" என்பது புது பேட்டரி, சமதளம், எடை குறைந்த ஆள் என்று வைத்துச் சொன்ன கணக்கு. மேடு பள்ளமான தோட்டத்துச் சாலையில் அதை நம்பி இறங்கினால் பாதி வழியில் நிற்க வேண்டிவரும். ஈய அமில பேட்டரியைத் தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் அது செத்துவிடும். நாற்காலிக்கு ஓராண்டு உத்தரவாதம் கொடுப்பவர்கள் பேட்டரிக்குக் கொடுப்பதில்லை. அந்த வரி பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

இனி கார்டு விஷயம். ஓகேயு கார்டுக்குக் கட்டணம் ஒரு சென் கூட இல்லை. சமூகநலத் துறையின் விண்ணப்பப் பாரத்தில் மருத்துவப் பகுதியை அரசாங்க டாக்டர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும், அல்லது தனியார் நிபுணர் நிரப்பலாம். அடையாளக் கார்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் சேர்த்து மாவட்ட நல அலுவலகத்தில் கொடுக்கலாம், நமக்கு அது கோலகங்சார். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். டாக்டர் கையெழுத்து ஏஜென்டால் வாங்க முடியாதது. ஆளை டாக்டர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்படியிருக்க கார்டு எடுத்துத் தர என்று ஏஜென்ட் கேட்கும் 200, 300 வெள்ளி எதற்கு?

நாற்காலிக்கு ஜேகேஎம் உதவி உண்டு, பொய்யில்லை. ஆனால் அதற்கு டாக்டரின் பரிந்துரையும் கடையின் விலைப் பட்டியலும் வைத்து வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லைத் தூக்கிக்கொண்டு போகும்படி சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார். வேலை செய்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால் முதலில் சொக்சோவில் கேளுங்கள். தகுதியுள்ளவர்களுக்குச் செயற்கைக் காலும் நாற்காலியும் அங்கேயே கிடைக்கும். தோட்டத்தில் இருபது முப்பது வருடம் உழைத்தவர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எரிச்சலான விஷயம். ஆஸ்பத்திரியில் காலை எடுத்தபோதே புனர்வாழ்வுப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அங்குள்ள தெரபிஸ்ட் அளவெடுத்து எழுதிக் கொடுக்கும் தாள்தான் எல்லா விண்ணப்பத்துக்கும் முதுகெலும்பு.

மாத உதவியிலும் கைவைக்கிறார்கள். வேலை செய்ய முடியாத ஓகேயுவுக்கான தொகை 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 250இலிருந்து 300 வெள்ளியாகவும், வேலை செய்யும் ஓகேயுவுக்கான அலவன்ஸ் 400இலிருந்து 450 ஆகவும் உயர்ந்தது. அது வங்கிக் கணக்கில் நேராக விழும் பணம். "முதல் மூன்று மாதம் எங்கள் சர்வீஸ் சார்ஜ்" என்று ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கேட்டால் கொடுக்காதீர்கள். அடையாளக் கார்டு நகல் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே "ஓகேயு விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று மலாயில் எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. 2008இன் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, இதற்குக் கைகொடுக்காது. உரிமைகளைச் சொல்லும் அந்தச் சட்டத்தில் மீறுபவருக்குத் தண்டனைப் பிரிவு இல்லை. நமக்கு உதவுவது வேறு இரண்டு சட்டங்கள். வீடு தேடி வந்து விற்றது என்றால் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம். ஒப்பந்தம் போட்ட பிறகு 10 வேலை நாளுக்குள் வேண்டாம் என்று ரத்துச் செய்யலாம். எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அந்த நாள் கடந்திருந்தால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். இன்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது அதிலுள்ள உத்தரவாதம். ஆகவே வாங்குவதற்கு முன்பே விற்பவருக்கு ஒரு செய்தி தட்டிவிடுங்கள்: "அம்மாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழ் இல்லை, இடுப்பு 36 செ.மீ., குளியலறைக் கதவு 62 செ.மீ., இந்த நாற்காலி சரிவருமா?" அவர் "கண்டிப்பாக" என்று பதில் போட்டால் அதுவே சாட்சி.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். விண்ணப்பப் பாரம் 1, கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். படுக்கைப் புண்ணுக்கு அங்கே நஷ்டஈடு கேட்க முடியாது, உடல் காயம் அதன் வரம்பில் வராது. விலையையும் பொருந்தாமையையும் மட்டும் எழுதுங்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் விற்றவர் கட்டவில்லை என்றால் அது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ காத்திருக்கிறது. இந்த ஒரு வரியைச் சொன்னதுமே பணத்தை எடுத்து வைப்பவர்கள் உண்டு.

வழக்குப் போடும்வரை நாற்காலியைத் தூக்கி எறியாதீர்கள், யாருக்கும் தானம் கொடுத்துவிடாதீர்கள். நாற்காலியின் இரும்புச் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் லேபிள், சீரியல் நம்பர், வேனின் நம்பர் பிளேட், பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். ஏடிஎம் கார்டு அவர்கள் கையில் இருந்தால் அன்றே வங்கியில் சொல்லி முடக்குங்கள். இணைய வழியாகப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டில் விற்றவர் சொன்ன பெயரைவிடப் பணம் போன கணக்கின் எண்ணை முதலில் எழுதச் சொல்லுங்கள்.