நாய்த் தெள்ளுக்கு வேப்பிலைத் தண்ணீரா, பேன் சீப்பா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு நடுவே எங்கள் தோட்ட வீடு. போன மழைக்காலத்தில் எங்கள் நாய் கருப்பன் ராத்திரி முழுக்க வாலடியைக் கடித்துக்கொண்டே கிடந்தான். முடியை விலக்கினால் மிளகுத்தூள் தூவியது போலக் கருந்துகள். ஈரமான வெள்ளைத் துணியில் வைத்ததும் சிவப்பாகக் கரைந்தது. தெள்ளு உறிஞ்சிய ரத்தம்தான் கழிவாக வந்திருக்கிறது.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய், சூடம், பூண்டு மூன்றையும் உடனே ஒதுக்கினேன். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், சூடமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. தேங்காய் எண்ணெயை இரண்டு முறைதான் தடவினேன், அதை வைத்து நல்லது கெட்டது சொல்லமாட்டேன். கடைசியில் போட்டி வேப்பிலைக்கும் சீப்புக்கும்தான்.

கோயில் மரத்து இலையைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் குளிப்பாட்டினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினான், இரண்டாம் நாள் மறுபடி சொறிந்தான். பூச்சியை அடக்கும் சத்து வேப்பங்கொட்டையில்தான் அதிகம், இலைத் தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான்.

ஆனால் வேப்பிலையை நான் பின்னுக்குத் தள்ளியது அதனால் மட்டும் இல்லை. நாய் மேல் நாம் பார்க்கும் தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். அது முடியில் ஒட்டாது, நாய் படுக்கும் இடத்திலேயே உதிரும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். கூட்டுப்புழுவோ தூசி ஒட்டிய கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆள் நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால் வெளியே குதிக்கும். வைத்தியம் பலிக்கவில்லை என்று பலர் பாதியில் விடுவது இதனால்தான். எதைச் செய்தாலும் விடாமல் பல வாரம் செய்ய வேண்டும். தினமும் அடுப்பில் அண்டா ஏற்ற யாரால் முடியும்?

சீப்பு என்றால் முடியும். கடைத்தெருவில் வாங்கிய நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பு. சாயங்காலம் வீட்டு முகப்பு அஞ்சடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் கழுத்து, வாலடி, தொடை இடுக்கு என்று சீவி, சீப்பைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கினால் போதும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்பு கலந்தால் மூழ்கும். இன்றைக்கு எத்தனை கிடைத்தது என்று எண்ணவும் முடிகிறது. முதல் நாள் முப்பதுக்கு மேல் எடுத்தேன். ஒரு வாரம் ஏறி இறங்கியது, மனசு விட்டுப்போகும் அளவுக்கு. ஆறாவது வாரம் இரண்டோ மூன்றோதான்.

அதோடு அவன் படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன், அஞ்சடி மூலைகளைத் தினமும் கூட்டினேன். நிழலில் வளரும் புழு நல்ல வெயிலில் காய்ந்து செத்துவிடும். சாக்கு துவைக்காமல் சீப்பு மட்டும் என்றால் இந்த அளவுக்குக் குறைந்திருக்காது.

குளிப்பாட்டுகிறவர்கள் முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள், இல்லாவிட்டால் தெள்ளு காதுக்கும் கண்ணோரத்துக்கும் ஓடும். வீட்டுப் பூனையையும் சீவுங்கள், நாய் மேல் இருப்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான். ஆனால் குட்டி நாய் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் இதில் எதுவும் வேண்டாம். ரத்தம் குறைந்திருக்கும், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.