ஏலத்தில் எடுத்த பழைய ஸ்டிக் பின்கள்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஸ்டிக் பின் என்பது டையில் குத்தும் நீள ஊசி. தலையில் ஒரு கல்லோ முத்தோ நரித்தலையோ இருக்கும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரிய மனிதர்கள் கழுத்துத் துணியில் குத்திக்கொண்டது. 1920-களில் டை கிளிப் பரவியதும் இதன் மவுசு குறைந்தது. நமக்கு அது நல்லதாகப் போயிற்று. அதே வேலைப்பாடுள்ள மோதிரத்தை விடப் பெரும்பாலும் குறைந்த விலைக்கு ஏலத்தில் கிடைக்கிறது. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டே பிரிட்டிஷ் ஏலங்களில் ஆன்லைனில் கேட்கிறேன். பொருள் லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போகும். ஊருக்கு வரும்போது பில்லோடு கொண்டு வருவான்.

முதலில் விலை. 100 பவுண்டுக்கு ஏலம் முடிந்தால் கட்ட வேண்டியது 100 இல்லை. வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் அது 25 பவுண்டு, அந்தக் கமிஷன் மேல் 20 சதவீத வரி 5 பவுண்டு, ஆக 130. தபால் செலவு தனி. ஆன்லைனில் கேட்பதற்கென்று தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. ஆகவே உச்ச விலையைக் கமிஷனோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அப்புறம், எல்லோரும் தலையைப் பார்ப்பார்கள்; பார்க்க வேண்டியது ஊசித் தண்டு. பழைய பின்கள் பலவற்றில் தண்டின் மேல்பகுதி முறுக்கியோ வரி போட்டோ இருக்கும், துணியிலிருந்து நழுவாமல் இருக்க. தலையும் தண்டும் சேரும் இடத்தில் பற்றவைப்பு திட்டாகத் தெரிந்தால் அது பொத்தானோ ஒற்றைக் கம்மலோ பின்னாக மாறிய கதையாக இருக்கலாம். தங்கத்தின் தரத்தையும் சோதித்த ஊரையும் காட்டும் முத்திரையும் உதவும். 15 கேரட் முத்திரை பிரிட்டனில் 1854 முதல் 1932 வரைதான் புழக்கத்தில் இருந்தது. அது இருந்தாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும். நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது.

ஒரு ஏல நிறுவனம் '15 கேரட் பின்' என்று போட்டிருந்தது. வந்து பார்த்தால் தலை மட்டும் தங்கம், தண்டு முலாம் பூசிய பித்தளை. தண்டு வேறு உலோகமாக இருப்பது சகஜம், அது குற்றமில்லை. சொல்லாமல் விட்டதுதான் குற்றம். கேட்டதற்கு 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்ற விதியைக் காட்டினார்கள். அவர்கள் பக்கம் நான் இப்போது போவதில்லை. மற்ற இடங்களில் பின்பக்கப் படமும், பொருளின் குறைநிறைகளைச் சொல்லும் நிலை அறிக்கையும் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே அனுப்புகிறார்கள்.

வந்த பின்களை வடசேரியில் கோயில் நகை செய்யும் ஒரு ஆசாரியிடம் காட்டுவேன். பின்பக்கம் மூடிய ஒரு சிவப்புக்கல் பின்னைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும், "கல்லுக்கு அடியில தகடு வச்சிருக்கான். தண்ணி பட விட்டிராதீங்க அண்ணாச்சி, உள்ள கறுத்துரும்" என்றார். கெம்புக் கல்லையும் இங்கே பின்பக்கம் மூடித்தானே பதிக்கிறார்கள்! எந்த ஏல அறிக்கையிலும் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை.

நம்மூர் உப்புக் காற்றில் வெள்ளிப் பின்கள் சீக்கிரம் மங்கும். கார்க் துண்டில் குத்தி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன், தேவலாம். போடுவதற்கு வாய்ப்பு குறைவு என்றாலும் அடியோடு இல்லாமல் இல்லை. சர்ச் கல்யாணங்களில் மாப்பிள்ளை கோட்டு சூட்டில்தானே நிற்கிறார்? தங்கை மகன் என்னிடமிருந்த நரித்தலைப் பின் ஒன்றை வாங்கிக் குத்திக்கொண்டான். கோட்டுத் துணியில் பிரச்சினை இல்லை, பட்டு டையில் ஓட்டை விழும். முனைக்கு மூடி இல்லாவிட்டால் கட்டிப்பிடிக்க வரும் அத்தைமார்தான் பாவம்.

பின்களோடு திருவிதாங்கூர் நாணயங்களும் எடுக்கிறேன், அவை உள்நாட்டு ஏலங்களில். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான். எண்ணுவதற்குக் குழி போட்ட மரப்பலகை இருந்தது: நாணயங்களைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்று விழும், மீதியைத் தள்ளிவிட வேண்டியதுதான். பலகையும் ஏலத்துக்கு வருகிறது. குழி விளிம்புகள் தேய்ந்து வழுவழுப்பாக இல்லாமல் கூர்மையாக இருந்தால் நான் கேட்க மாட்டேன்.

சித்தப்பா மகன் லண்டனுக்குச் சில பழைய சக்கரங்கள் கேட்டான். முடியாது என்றேன். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.