சின்ன காருக்கு ஆல் சீசன் டயர்: தேடினதும், ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்ததும்

என்னோடது சின்ன கார்தான், முன் சக்கரம் இழுக்குற வண்டி, டயர் சைஸ் 175/65 ஆர்14. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலு டயரையும் கழட்டிட்டு ஆல் சீசன், அதாவது வெயில், மழை, ஸ்னோ எல்லாத்துக்கும் வருஷம் பூரா ஓட்டுற டயர் போட்டேன். அப்போ இதைத் தேடித் தேடி படிச்சதுல கண்ணு வலிச்சதுதான் மிச்சம், எல்லாரும் பெரிய காரை வச்சே பேசுறாங்க, சின்ன வண்டி வச்சிருக்கவங்களுக்கு உருப்படியா யாரும் எழுதல. அதனால என் அனுபவத்தை நீளமாவே எழுதுறேன்.

மாத்தணும்னு முடிவு பண்ணது ஒரு மழை நாள்ல. முன்னாடி போன வண்டி சட்டுனு நின்னுது, நானும் பிரேக்கை முழுசா அமுக்குறேன், ஏபிஎஸ் கடகடன்னு காலை உதைக்குது, ஆனா வண்டி நிக்காம வழுக்கிட்டே போகுது. இடிக்கல, ஒரு ஆள் படுக்குற அளவுக்கு இடைவெளி இருந்துச்சு, அவ்ளோதான். பின் சீட்ல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. வீட்டுக்கு வந்ததும் டயரை அளந்து பாத்தேன், முன் டயர் ரெண்டுலயும் மேல வெட்டியிருக்க பள்ளத்தோட ஆழம் 2.5 மி.மீ.தான் இருந்துச்சு. பெரும்பாலான நாடுகள்ல சட்டப்படி 1.6 மி.மீ. வரைக்கும் ஓட்டலாம், பள்ளத்துக்குள்ள குறுக்க சின்னச் சின்ன மேடு வச்சிருப்பாங்களே அந்த உயரம்தான் 1.6, அதனால இன்னும் ஓடும்னு நான் நம்பிட்டு இருந்தேன். புது டயர்ல இந்தப் பள்ளம் சுமாரா 8 மி.மீ. இருக்கும். ரோட்டுல நிக்கிற தண்ணிய வெளிய தள்ளுறது அந்தப் பள்ளம்தான், அது குறையக் குறைய தண்ணி போக வழியில்லாம டயருக்கு அடியிலயே மாட்டிக்குது, டயர் ரோட்டைத் தொடாம தண்ணி மேலயே மிதக்க ஆரம்பிச்சிடும். 3 மி.மீ. வந்தாலே மழைக்காலத்துக்கு முன்னாடி மாத்திடுங்க, ஸ்னோ விழுற இடம்னா 4 மி.மீ.லயே மாத்திடுங்க. இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே சொல்றேன், ஏன்னா அந்த ஒரு ஆள் நீளம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

சரி, டயர் தேட ஆரம்பிச்சதும் முதல்ல குழப்பினது இந்த ‘ஆல் சீசன்’ங்கிற பேருதான். பேரு ஒண்ணு, ஆனா சரக்கு ரெண்டு வகை. ஒரு வகைல சைட்வால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல, எம் பிளஸ் எஸ் (M+S)னு மட்டும் போட்டிருக்கும், அதாவது சேறு, ஸ்னோ. இந்தக் குறி டயர் பட்டனோட (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டைகள்) அமைப்பை வச்சு கம்பெனியே போட்டுக்கிறது, ஸ்னோல ஓட்டிப் பாத்து பாஸ் ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இன்னொரு வகைல மூணு சிகரம் இருக்குற மலைப் படம், அதுக்கு உள்ள ஒரு பனித்துகள் படம் போட்டிருக்கும். அந்தக் குறி வேணும்னா ஸ்னோல டெஸ்ட் வச்சு, ஒரு பொது அளவுகோல் டயரை விட நல்லா பிடிக்குதுன்னு காட்டியாகணும். வட அமெரிக்காவுல முதல் வகையை ஆல் சீசன்னும் ரெண்டாவதை ஆல் வெதர்னும் பிரிச்சுச் சொல்றாங்க, ஐரோப்பாவுல ஆல் சீசன்னாலே பெரும்பாலும் மலைக்குறி இருக்குறதுதான். ஜெர்மனில 2024 அக்டோபர்ல இருந்து வெறும் எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தா பனிக்கால டயரா ஏத்துக்கிறதே இல்ல, மலைக்குறி இருந்தே ஆகணும். அதனால பேரைப் பாக்காதீங்க, குனிஞ்சு சைட்வாலைப் பாருங்க. நான் மலைக்குறி இருக்குறதைத்தான் எடுத்தேன்.

ஆல் சீசன் எல்லாருக்கும் சரிவருமான்னா வராது, அதையும் முதல்லயே சொல்லிடுறேன். ரப்பர்தான் விஷயம். வெயில் கால டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போகப் போக இறுகி பிடி குறைஞ்சிடும்னு சொல்வாங்க, பனிக்கால டயர் ரப்பர் குளிர்லயும் மெத்துனு இருக்கும் ஆனா நல்ல வெயில்ல ரொம்ப இளகி சீக்கிரம் தேயும். ஆல் சீசன் இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. வருஷம் பூரா குளிரே இல்லாத இடத்துல இருக்கவங்க இதை வாங்கத் தேவையே இல்ல, நல்ல வெயில் கால டயரே காஞ்ச ரோட்லயும் மழைலயும் நல்லா நிக்கும். மாசக்கணக்குல ஐஸ் உறைஞ்சு கிடக்கிற மலைப்பாதைல தினம் போறவங்க தனியா பனிக்கால டயர் வச்சுக்கிறதுதான் சரி. எனக்கு நிறைய மழை, வருஷத்துல சில நாள் ஸ்னோ, காலைல உறைபனி, மிச்ச நாள் சாதாரண வெயில், வருஷத்துக்கு ரெண்டு தடவை டயர் மாத்தி இன்னொரு செட்டை எங்கயாவது அடுக்கி வைக்க இடமும் இல்ல. இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் ஆல் சீசன்.

இப்போ சின்ன கார் விஷயத்துக்கு வரேன். டயர் டெஸ்ட் வீடியோ, கட்டுரை எதை எடுத்தாலும் 17 இஞ்ச், 18 இஞ்ச்ல ஓட்டுறாங்க, அதுல முதல்ல வந்த டயர் 14 இஞ்ச்ல கிடைக்கவே கிடைக்காது, கிடைச்சாலும் பல சமயம் அதே கம்பெனியோட பழைய தலைமுறை மாடலாத்தான் இருக்கும். பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், கடைசில 2ன்னோ 3ன்னோ ஒரு எண் மட்டும் மாறும், அங்கதான் ஏமாந்து போவோம். சைஸ் மாறினா அதே மாடல் டயரே வேற மாதிரி நடந்துக்கும், ஐரோப்பாவுல டயருக்குப் போடுற தர லேபிள்ல பாத்தீங்கன்னா ஒரே மாடலுக்கு சைஸுக்கு சைஸ் வேற வேற எழுத்து இருக்கும். அதனால நம்ம சைஸுக்கு என்ன எழுத்துன்னு தனியா பாக்கணும்.

அந்த லேபிள்ல ஏ-ல இருந்து ஈ வரைக்கும் ரெண்டு விஷயத்துக்கு மார்க் போடுவாங்க, உருளும்போது எவ்ளோ பெட்ரோல் தின்னும், ஈர ரோட்டுல எவ்ளோ சீக்கிரம் நிக்கும். கூடவே சத்தம் டெசிபல்ல இருக்கும். அந்த சத்தம் வெளிய ரோட்டோரமா நிக்கிறவங்களுக்குக் கேக்குறது, காருக்கு உள்ள உக்காந்திருக்க நமக்குக் கேக்குறது இல்ல, நான் அதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு ஒரு நல்ல டயரை லிஸ்ட்ல இருந்தே தூக்கிட்டேன், பிறகுதான் தெரிஞ்சு திரும்ப சேத்தேன். இன்னொண்ணு, இந்த மார்க் புது டயருக்குப் போடுறது, எவ்ளோ நாள் உழைக்கும்னு அது சொல்லாது. அமெரிக்க முறைல சைட்வால்லயே டிரெட்வேர்னு ஒரு எண் போடுவாங்க, 400, 600ன்னு, எண் பெருசா இருந்தா மெதுவா தேயும்னு அர்த்தம். ஆனா அந்த எண்ணை அந்தந்த கம்பெனியே டெஸ்ட் பண்ணிப் போட்டுக்குது, அதனால ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிட உதவும், வேற வேற கம்பெனிக்கு நடுவுல அதை வச்சு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. நான் ஈரப் பிடியைத்தான் முதல்ல வச்சேன், பெட்ரோல் மார்க் ரெண்டாவது, ஆயுசு மூணாவது. சின்ன கார் எடை கம்மி, டயர் எப்படியும் பல வருஷம் வரும், ஆயுசைத் துரத்திக்கிட்டுப் போய் மழைல வழுக்குற டயரை வாங்கிட்டா அது தேயற வரைக்கும் அதோடதான் குடும்பம் நடத்தணும்.

மாடல்னு பாத்தா மிஷலின் கிராஸ்கிளைமேட், குட்இயர் வெக்டர் 4சீசன்ஸ், காண்டினென்டல் ஆல்சீசன்காண்டாக்ட் இந்த மூணு பேரும் எங்க தேடினாலும் முன்னாடி வந்து நிக்கும். கிராஸ்கிளைமேட் 2015ல வந்தப்போ வெயில் கால டயர் பக்கம் சாஞ்ச ஆல் சீசன்னு வந்துச்சு, ஆனாலும் மலைக்குறி வாங்கியிருந்துச்சு, அதுக்கப்புறம்தான் இந்த வகைல போட்டியே சூடு பிடிச்சுதுன்னு எனக்குத் தோணுது. நான் கடைசில எந்தக் கம்பெனி எடுத்தேன்னு சொல்லல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அதுல பாதி இந்த வகைக்கே உள்ள குறை.

வாங்கப் போன இடத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒரு கடைல என் சைஸ் இல்ல, 185/65 ஆர்14 போட்டுக்கோங்க, அகலமா இருந்தா பிடி நல்லா இருக்கும்னு சொன்னாங்க. நான் அங்கேயே கணக்குப் போட்டேன். டயர் அகலம் 175 மி.மீ., அதுல 65 சதவீதம் சைட்வால் உயரம், ரெண்டு பக்கமும் சேத்து 227.5 மி.மீ., அதோட 14 இஞ்ச் ரிம் 355.6 மி.மீ., மொத்தம் 583. அவங்க சொன்ன சைஸ்ல 596 வருது, ரெண்டு சதவீதத்துக்கு மேல பெருசு. ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், ஸ்டியரிங்கை முழுசா திருப்பினா உள்ள உரசுமோன்னு பாக்கணும், அதை விட முக்கியம், எடை கம்மியான வண்டிக்கு டயரை அகலமாக்கினா ஒவ்வொரு அங்குலத்துக்கும் விழுற அழுத்தம் குறையும், மழைத் தண்ணில இன்னும் சீக்கிரம் மிதக்கும். வேணாம்னு வந்துட்டேன். மேனுவல்ல என்ன சைஸ் போட்டிருக்கோ அதையே தேடுங்க, லோடு இண்டெக்ஸும் அதை விடக் குறையக் கூடாது. என் டயர்ல 82, அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும், கூட இருக்க டி (T)-ங்கிற எழுத்து 190 கி.மீ. வேகம் வரைக்கும்.

ரெண்டாவது, தேதி. சைட்வால்ல டாட் (DOT) கோடு இருக்கும், கடைசி நாலு எண் வாரமும் வருஷமும், 1523ன்னு இருந்தா 2023ல 15வது வாரம் செஞ்சது. எனக்கு மாட்ட எடுத்து வச்ச நாலு டயர்ல ரெண்டு டயர், மூணு வருஷம் பழசா இருந்துச்சு. கேட்டதும் மாத்திக் கொடுத்தாங்க, கேக்கலைன்னா அப்படியே மாட்டியிருப்பாங்க. ஒழுங்கா உள்ள வச்சிருந்தா ஒரு வருஷம் பழசுன்னா பரவால்ல, அதுக்கு மேல நான் வாங்க மாட்டேன், காசு நம்மளது, வயசான ரப்பர் எதுக்கு. அது உள்பக்கமா திரும்பி இருந்தா தெரியாது, மாட்டுறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

இன்னும் ஒண்ணு, என் டயர் பட்டன் ‘வி’ மாதிரி இருக்குற வகை, ஒரு திசைலதான் சுத்தணும், சைட்வால்ல அம்புக்குறி இருக்கும். மாட்டி முடிச்சதும் சுத்தி வந்து பாத்தா பின்பக்கம் ஒரு டயர்ல அம்பு பின்னோக்கி இருந்துச்சு! அப்படியே ஓட்டினா தண்ணிய வெளிய தள்ள வேண்டிய பள்ளம் நடுவுக்கு இழுக்கும். கழட்டி திருப்பி மாட்டச் சொன்னேன், நின்னு பாத்தேன். இந்த வகை டயரை முன்னும் பின்னும் மாத்தலாம், அதே பக்கத்துக்குள்ளதான், இடது வலது மாத்தணும்னா ரிம்ல இருந்து டயரையே கழட்டித் திருப்பி மாட்டணும்.

ஓட்டின அனுபவம் இதுதான். முதல் சில நூறு கி.மீ. வழவழன்னு இருக்கும், டயர் வார்க்கிற அச்சுல இருந்து ஒட்டிட்டு வந்த பூச்சு தேயணும், அதுவரைக்கும் மெதுவா போங்க. அதுக்கப்புறம் முதல் பெரிய மழைல வேணும்னே காலி ரோடு பாத்து பிரேக் அடிச்சுப் பாத்தேன், வண்டி கப்புனு நின்னுது, அப்போ நிம்மதில கண்ணு கலங்கிடுச்சு. ஸ்னோல மெதுவா ஒரு ஏத்தம் ஏறினேன், பழைய டயர்ல பாதிலயே சக்கரம் சுத்தி நின்ன ஏத்தம், இதுல சத்தமில்லாம ஏறிடுச்சு. ஐஸ் மட்டும் வேற கதை, பளபளன்னு உறைஞ்ச இடத்துல இந்த டயரும் வழுக்கத்தான் செய்யுது, அன்னிக்கு நான் வண்டிய எடுக்குறதே இல்ல.

குறைன்னா, நல்ல வெயில்ல ஸ்டியரிங் திருப்பினதும் உடனே கேக்காது, அரை நொடி யோசிச்சுட்டுத் திரும்புற மாதிரி ஒரு மந்தம், பட்டன் மெத்துனு வளையுறதால அப்படி. காஞ்ச ரோட்ல பிரேக் தூரமும் வெயில் கால டயரை விடக் கொஞ்சம் அதிகம்தான், அதனால கோடைல முன் வண்டிக்கு இன்னும் இடைவெளி விடுறேன். 60, 70 வேகத்துல ஒரு ரீங்காரம் இருக்கு, 15,000 கி.மீ. தாண்டினதும் கொஞ்சம் கூடிச்சு. பெட்ரோலும் சின்னதா கூட ஆகுது, அதுல பாதி காத்து பாக்காம விட்டதால வந்தது. காத்து டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்க அளவுதான் வைக்கணும், டயர் மேல அச்சடிச்சிருக்கது அதிகபட்சம், அதை வைக்கக் கூடாது. குளிர் இறங்க இறங்க காத்து தானா குறையும், 5, 6 டிகிரி குறைஞ்சா சுமாரா 1 பிஎஸ்ஐ போயிடும், அதனால குளிர் ஆரம்பிக்கிற மாசம் ரெண்டு தடவை பாக்குறேன், வண்டி ஓட்டாம ஆறி இருக்கும்போது.

காசு இல்லன்னு ரெண்டு டயர் மட்டும் மாத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. முன் சக்கர வண்டில முன் டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால புதுசை முன்னாடி போடணும்னு தோணும். போடாதீங்க, புதுசு பின்னாடி போகட்டும், இருக்குறதுல நல்லதை முன்னாடி மாத்திக்கோங்க. முன் டயர் வழுக்கினா ஸ்டியரிங்லயே தெரியும், காலை எடுத்தா ஓரளவு சமாளிச்சிடலாம், பின் டயர் மழைல விட்டுச்சுன்னா வண்டி பம்பரம் மாதிரி சுத்திடும், நம்ம மாதிரி சாதாரணமா ஓட்டுறவங்களால அதைப் பிடிக்கவே முடியாது. ஆல் சீசனையும் வெயில் கால டயரையும் கலந்தும் போடாதீங்க, போன வருஷம் தெரிஞ்சவங்க ஒருத்தர் முன்னாடி ரெண்டு மட்டும் ஆல் சீசன் போட்டுட்டு, ஏத்தம் நல்லா ஏறுது ஆனா இறக்கத்துல வால் ஆடுதுன்னு பயந்து போய் வந்து சொன்னாங்க.

22,000 கி.மீ. ஆச்சு. 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்பின் மாத்துறேன், சக்கரம் மாத்தின பிறகு 50, 100 கி.மீ. ஓட்டிட்டு நட்டு டைட்டா இருக்கான்னு திரும்ப பாக்குறேன். போன வாரம் அளந்தேன், முன்னாடி 5.6, பின்னாடி 6.1 மி.மீ. வெடிப்பு இல்ல, ஓரமும் நடுவும் சமமா தேயுது. 4க்கு வந்ததும் இதே சைஸ்ல, இதே மாடல்தான் வாங்குவேன், ரீங்காரத்தோடயே.