ஹேவ்லாக்கில் டைவிங் புக் பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு: பெயர் பழசு, ஓனர் புதுசு

அந்தமானில் ஸ்கூபா டைவிங் போவதற்காக ஏதாவது ரிசார்ட்டுக்கு முன்பணம் அனுப்பத் தயாராக இருந்தால், அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 24,000 ரூபாய். பணத்தைவிட, என் தம்பி மகனை எங்கே இறக்கப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால்தான் இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை.

2019-ல் நான் டைவிங் கற்றுக்கொண்டதே அந்த ரிசார்ட்டில்தான். ஹேவ்லாக் தீவு, இப்போது சுவராஜ் தீவு என்கிறார்கள். நடத்தியவர்கள் தாங்களே தினமும் தண்ணீரில் இறங்கும் டைவர்கள். என்னைக் கூட்டிப்போன டைவ் மாஸ்டர், அதாவது தண்ணீருக்குள் வழிகாட்டுகிறவர், மாயாபந்தர் பக்கத்துக் கரேன்காரர். 1925 வாக்கில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய சமூகம் அது. நான் பயந்துபோய்க் கையை ஆட்டியபோது, ஆறு மீட்டர் ஆழத்தில் முழங்காலிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நான் நிதானமாக மூச்சு விடும்வரை காத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் 2022-ல் திரும்பப் போனேன். போன அக்டோபரில், ஓப்பன் வாட்டர் என்கிற முதல் கட்ட டைவிங் பயிற்சியை முடித்த கையோடு இருந்த தம்பி மகனையும் சேர்த்து, மூன்றாம் முறையாக அங்கேயே புக் பண்ணினேன்.

பிப்ரவரியில் போய் இறங்கினால் பெயர்ப்பலகை அதேதான், ரிசார்ட்டின் போன் நம்பரும் அதேதான். இணையத்தில் பழைய ஆட்கள் சம்பாதித்து வைத்த நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன. உள்ளே இருந்தவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியவில்லை. ரிசப்ஷனில் இருந்தவர், டிசம்பரில் இடம் கைமாறிவிட்டது, நீங்கள் பணம் போட்ட அக்கவுன்ட் பழைய ஓனருடையது, அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு மறுபடி முழுத்தொகையைக் கேட்டார். கைமாறிய விஷயத்தை எனக்கு ஒரு வரி மெசேஜில் சொல்லியிருக்கலாம். புக்கிங் நோட்டில் என் பெயரும் நம்பரும் இருக்கத்தான் செய்தன, கண்ணால் பார்த்தேன்.

சமையல்கட்டில் போர்ட் பிளேர் தமிழர் ஒருவர் மட்டும் பழைய ஆள். ராத்திரி சாப்பாடு வைக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சம்பளத்தைக் குறைச்சாங்கக்கா. டைவ் ஆளுங்க யாரும் நிக்கல. உங்க கரேன் மாஸ்டரும் பக்கத்து பீச்சுல வேற கடைக்குப் போயிட்டாரு.” அப்போதே பையைத் தூக்கியிருக்க வேண்டும். சீசன் நேரம், வேறு அறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று தங்கிவிட்டோம்.

மறுநாள் காலை ஏழு பேருக்கு ஒரே ஒரு டைவ் மாஸ்டர். படகு கிளம்பிய பிறகுதான் டிக்சன்ஸ் பினாக்கிள் போகிறோம் என்றார்கள். அந்தப் பாறையின் உச்சியே சுமார் 18 மீட்டரில் இருக்கிறது, அடிவாரம் 30 மீட்டருக்கும் கீழே. ஓப்பன் வாட்டர் மட்டும் முடித்தவர்களுக்கு எல்லையே 18 மீட்டர். இதுவரை இறங்கிய டைவ்களைக் குறித்துவைக்கும் பையனின் லாக் புக்கை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

படகில் உட்கார்ந்து, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் என் ரெகுலேட்டரை வாயில் வைத்து, பழைய பழக்கத்தில் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்தேன். முள் 200-லிருந்து சடாரென்று 150-க்கு இறங்கி, மூச்சை விட்டதும் மறுபடி ஏறியது. சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்காமல் இருந்தாலோ, ஃபில்டர் அடைத்திருந்தாலோ இப்படித்தான் ஆடும். மேலே காற்று வருவது போலத்தான் இருக்கும், ஆழத்தில் போதாது. வால்வைத் திருகிப் பார்த்தேன், முழுதாகத்தான் திறந்திருந்தது. காற்றில் எண்ணெய் வாடை வேறு. டைவ் மாஸ்டரிடம் காட்டினேன். “சரியாத்தான் இருக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் காட்டும்” என்றார். ஆக்சிஜன் கிட் எங்கே என்று கேட்டேன். கரையில் இருக்கிறதாம். நாங்கள் இருந்தது கரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற தூரத்தில். டைவரின் உடம்பில் காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால் ஏற்ற வேண்டிய அழுத்த அறை போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில், அதற்கும் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் இருவரும் இறங்கவில்லை. பையனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பரவாயில்லை, அழட்டும் என்று இருந்துவிட்டேன்.

புது ஓனர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டைவ் ரிசார்ட்டை வெறும் ஓட்டலாக நினைத்து வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது நம் கண்ணுக்குத் தெரியாத செலவுகளில்தான். வருஷத்துக்கு ஒருமுறை ரெகுலேட்டர் சர்வீஸ், கம்ப்ரஸருக்கு ஃபில்டர், அனுபவப்பட்ட ஆளின் சம்பளம். அறைக்குப் புது ஏசி போட்டிருந்தார்கள், திரைச்சீலைகூட மாற்றியிருந்தார்கள்.

அதனால் மொத்த நட்சத்திரத்தை நம்பாதீர்கள், கடைசி மூன்று மாத விமர்சனங்களை மட்டும் தேதி பார்த்துப் படியுங்கள். போனில் நேராகவே கேளுங்கள்: இப்போது ஓனர் யார், போன சீசன் இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்களா, ஒருவருக்கு எத்தனை பேர். இன்ஸ்ட்ரக்டரின் PADI (டைவிங் சான்றிதழ் தரும் அமைப்பு) நம்பரை வாங்கினால் அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்க்கலாம். தரத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். பணம் அனுப்பும்போது அக்கவுன்ட் பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். புக் பண்ணி நாலு மாசம் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் மறுபடி ஒருமுறை பேசுங்கள். நான் பேசவில்லை.

அடுத்த நாள் அந்தக் கரேன் அண்ணனைத் தேடிப் பிடித்தோம். பையனின் லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டு, 12 மீட்டருக்கு மேல் இன்றைக்கு வேண்டாம் என்று நீமோ ரீஃபுக்குக் கூட்டிப்போனார்.

பணத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அந்தமானுக்கு அலைய வேண்டாம். பழைய ஓனர் போனை எடுப்பதில்லை. புது ஓனர் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். சென்னையில் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே இடத்தில் முன்பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.