குவிஸா, பாட்காஸ்டா? 20 மதிப்பெண்ணுக்கு எதை வைப்பது

60 மாணவர்கள், 20 மதிப்பெண் உள்மதிப்பீடு என்று வைத்துக்கொள்வோம். மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் குவிஸ் வைத்தால் வேலை முழுக்கத் தேர்வுக்கு முன்னால். ஐந்து நிமிடப் பாட்காஸ்ட், அதாவது பேசிப் பதிவுசெய்த ஒலிக்கோப்பு, செய்து தரச் சொன்னால் அத்தனையும் பின்னால் வந்து விழும்.

குவிஸில் பலர் சறுக்குவது வினாவங்கியின் அளவில்தான். 60 வினாவிலிருந்து ஆளுக்கு 20 எடுத்தால், எந்த இருவருக்கும் சராசரியாக 7 வினா ஒன்றாகவே வரும். அலைபேசிக் குழுவில் விடை பரிமாற அது தாராளம். வங்கியை 200 ஆக்கினால் இரண்டுதான் ஒத்துப்போகும். ஆனால் 200 உருப்படியான வினா எழுதுவது லேசான காரியமல்ல. நான்கு தெரிவு உள்ள 20 வினாவில் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக 5 கிடைக்கும். தேர்ச்சி எல்லையை அதைக் கணக்கில் கொண்டே வையுங்கள். தெரிவுகளைக் கலைத்துப்போடும் வசதியை இயக்கினால் ‘மேற்கண்ட அனைத்தும்’ முதல் வரிசையில்கூடப் போய் உட்காரலாம், அப்போது அதற்கு மேலே ஒன்றுமே இராது. சரியான விடையைத் தேர்வு மூடிய பிறகே காட்டவும்; இல்லாவிட்டால் முதலில் முடித்தவர் மற்றவர்களுக்கு விடைத்தாள் ஆகிவிடுவார். முடிந்தபின் புள்ளிவிவரப் பக்கத்தைப் பாருங்கள்: நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்ட வினா இருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பில்தான் பிழை.

பாட்காஸ்டில் ஒருமுறை கேட்கவே 60 × 5, அதாவது ஐந்து மணி நேரம். குறிப்பு எழுத ஆளுக்குப் பத்து நிமிடம் சேர்த்தால் பதினைந்து. இருவர் இருவராகச் செய்யவிட்டால் பாதியாகும். பெரிய ஆபத்து வேறு: பின்னணி இசையும் வெட்டி ஒட்டும் திறமையும் மதிப்பெண்ணை அள்ளிவிடும். ஆகவே ரூப்ரிக்கில் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலில்) கருத்துக்கு 8, சான்றுக்கு 6, கேட்பவருக்குப் புரியவைத்தலுக்கு 4, ஒலிக்கு 2. பேச்சு தெளிவாகக் கேட்டால் அந்த இரண்டும் முழுதாகக் கொடுக்கலாம். முதல் வாரமே மதிப்பெண்ணில்லாத 30 விநாடிப் பதிவு ஒன்றை ஏற்றச் சொல்லுங்கள். கோப்பு அளவு வரம்பு, திறக்காத வடிவம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடைசி இரவு மின்னஞ்சல் குவியாது.

செயற்கை நுண்ணறிவு எழுதியதை வாசித்துப் பதிவுசெய்ய எவராலும் முடியும். வரைவைக் கேட்டு வாங்கி, பதிவிலிருந்தே இரண்டு நிமிடம் வாய்மொழிக் கேள்வி போட்டால் பெரும்பாலும் பிடிபடும். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

கலைச்சொல், சூத்திரம், வரையறை என்றால் குவிஸ் போதும். வாதிடவோ விளக்கவோ தெரிகிறதா என்று பார்ப்பதற்குப் பாட்காஸ்ட்தான் என்போம், நேரம் தின்றாலும். பேசுவதில் சிரமம் உள்ளவருக்கு அதே ரூப்ரிக்கில் படவிளக்கம் தர வழி விடுங்கள். ஒலிக்கான 2 மட்டும் படத் தெளிவுக்குப் போகும்.