ஸ்காட்லாந்து: தனியா போறதா, கூடவே இருக்கதா?

நம்ம குமரி மாவட்டமே 1956 நவம்பர் 1ல திருவிதாங்கூர்-கொச்சிய விட்டு பிரிஞ்சு வந்ததுதானே மக்கா, அதனால பிரிட்டன விட்டு ஸ்காட்லாந்து பிரியணுமா வேண்டாமாங்க இந்த சண்டை நமக்கு சட்டுனு புரியும். ஆனா நாம போனது இன்னொரு மாநிலத்துக்கு, அவங்க கேக்கது தனி நாடு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பாதீங்க.

தனியா போனா? முடிவ லண்டன்ல இல்லாம ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோவுலயே எடுக்கலாம். பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போகணுமான்னு நடந்த 2016 பிரெக்ஸிட் ஓட்டுல அங்க 62 சதவீதம் பேரு ஐரோப்பிய யூனியன்லயே இருக்கணும்னாங்க, ஆனாலும் மொத்த பிரிட்டனோட சேத்து வெளிய இழுத்துட்டு போயிட்டாங்க. நியாயமான கோவம்தான்.

கூடவே இருந்தா பவுண்ட் பத்தி டென்ஷன் இல்ல, இதுதான் பெரிய மேட்டர். 2014ல லண்டன்ல உள்ள பெரிய கட்சி மூணும், நீங்க தனியா போனா பவுண்ட பங்கு போட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஸ்காட்லாந்து பக்கத்துல வடகடல் எண்ணெய் இருக்கேம்பாங்க, 2014 நடுவுல 100 டாலருக்கு மேல இருந்த பீப்பாய் 2015 ஜனவரில 50க்கு கீழ போயிட்டு, அத நம்பி பட்ஜெட் போட்டிருந்தா கதி என்ன? அப்புறம் யாவாரம் பெரும்பாலும் இங்கிலாந்தோடதான், நடுவுல கஸ்டம்ஸ் வந்தா களியக்காவிளை செக்போஸ்ட்ட விட பெரிய தலவேதன.

தனி நாடா போகணுமான்னு ஸ்காட்லாந்துல நடந்த 2014 செப்டம்பர் 18 ஓட்டுல 55.3 சதவீதம் 'இருப்போம்', 44.7 'போவோம்'. 16 வயசு பிள்ளைகளுக்கும் ஓட்டு குடுத்தாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

என்ன கேட்டா இப்போதைக்கு இருக்கதுதான் நல்லது. ஆனா லண்டன்ல உள்ள பிரிட்டன் அரசு சம்மதிக்காம திரும்ப ஓட்டெடுப்பு நடத்த முடியாதுன்னு 2022ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்புறம், அந்த சம்மதத்த குடுக்காம இழுக்கதுல எனக்கு உடன்பாடு இல்ல கேட்டியளா.