பிரியாணி பிரான்சைஸ்: மூன்று வருடம் நடத்தியவளின் மதிப்பீடு

கோவை சரவணம்பட்டியில் ஒரு பிரியாணி பிரான்சைஸை, அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரிலும் மசாலாவிலும் ஓடும் கடையை, மூன்று வருடம் நடத்தினேன். போன நவம்பரோடு அக்ரிமென்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. என் டெபாசிட் இன்னும் அந்த நிறுவனத்திடம் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

சரக்கில் குறையே இல்லை. மசாலா பாக்கெட்டின் ருசி ஒரு நாளும் மாறியதில்லை, வாரம் இருமுறை வேன் நேரத்துக்கு வந்துவிடும். 15 நாள் பயிற்சியும் அருமை. வீட்டில் அரைப்படி ஆக்கிப் பழகியவளுக்கு 10 கிலோ தேக்சாவில் தம் போடும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான், அந்த நன்றி எனக்கு உண்டு.

கட்டணம் 8 லட்சம், விற்பனையில் 6% ராயல்டி (அவர்கள் பெயரைப் பயன்படுத்தத் தரும் பங்கு), அந்த ராயல்டி மேல் 18% ஜிஎஸ்டி. நாம் 5% வரியில் ஓட்டல் நடத்தும்போது அந்த 18 சதவீதத்தை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை, கைக்காசுதான். விசாரிக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

நான் எழுத உட்கார்ந்ததே அக்ரிமென்டின் 31-வது பக்கத்துக்காக. விலகிய பிறகு இரண்டு வருடம், 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், நானோ கணவரோ இரத்த உறவினரோ பிரியாணி சம்பந்தப்பட்ட எந்தத் தொழிலும் செய்யக் கூடாதாம். மீறினால் 10 லட்சம். கையெழுத்துப் போட்ட அன்று கட்டணப் பக்கத்தைத்தான் மூன்று தடவை படித்தேன், இதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதே கட்டடத்தில் என் சொந்தப் போர்டை மாட்டிய பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. எங்கள் வக்கீலம்மா படித்துவிட்டு, 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவைக் காட்டினார். ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதை ஒப்பந்தம் தடுத்தால், அந்தத் தடை மட்டும் செல்லாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடையை உச்ச நீதிமன்றம் 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் ஏற்கவில்லை.

ஆனால் எல்லாமே செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். அக்ரிமென்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே கணபதியில் தனிக்கடை போடலாம் என்று அண்ணன் அவசரப்பட்டார். வக்கீலம்மா விடவில்லை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை போட்டித் தொழில் கூடாது என்ற ஷரத்து செல்லும். குஜராத் பாட்டிலிங், கோகோ கோலா வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அவர்கள் பெயர், லோகோ, ரகசிய மசாலா அளவு எதையும் தொடக் கூடாது, அது எத்தனை வருடமானாலும். அதனால் போர்டோடு சுவர் நிறத்தையும் மெனு அட்டையையும் மாற்றினேன். மசாலா இப்போது எங்கள் அம்மா கை அளவு.

இன்னொன்று. விலகும்போது 'பாக்கி இல்லை' என்று ஒரு தாளை நீட்டினார்கள். கடையின் நற்பெயரை (குட்வில்) 25,000 ரூபாய்க்கு அவர்களுக்கே விற்பதாக அதில் ஒரு வரி ஒளிந்திருந்தது. 27-வது பிரிவில் உள்ள ஒரே விதிவிலக்கு அதுதான்: நற்பெயரை விற்றவரை, நியாயமான எல்லைக்குள், போட்டிக்கு வராமல் தடுக்கலாம். வக்கீலம்மா அந்த வரியை அடித்த பிறகே கையெழுத்திட்டேன். தாள் அப்படியே போயிருந்தால் இன்று என் அடுப்பு எரிந்திருக்காது.

என்னைக் காப்பாற்றியவை இரண்டு: கட்டட வாடகை ஒப்பந்தமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் என் பெயரில் இருந்தன. உங்களிடம் வாடகையை அவர்கள் பெயரில் எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்விக்கி, சொமேட்டோ பக்கம் அவர்களுடையது; மூன்று வருட ரேட்டிங் ஒரே நாளில் போனது. அந்த இழப்புக்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

சரக்குக்கு 5-க்கு 4. அக்ரிமென்டுக்கு 1. எங்கள் பதில் நோட்டீஸ் போய் ஐந்து மாதமாகிறது, டெபாசிட் 2 லட்சம் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.